பேஸ் கிட்டாரில் சாதா எலெக்ட்ரிக் கிட்டார் ஹம்பக்கர் வைத்தால் சரிப்படுமா?

மரத்தூள்:
வணக்கம். முதல் முறையாக ஒரு பேஸ் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். நாலு தந்தி (ஈ, ஏ, டி, ஜி), 34 அங்குல ஸ்கேல் (ஆடுகிற தந்தி நீளம்), ஜாஸ் பேஸ் அளவு நெக் (நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் தந்தி தாங்கும் கட்டை, 38 மிமீ), பிரிட்ஜில் தந்திக்குத் தந்தி 19 மிமீ. பாடி அறுத்தாயிற்று, நெக்கும் பிரிட்ஜும் பூட்டித் தந்தி கட்டியும் பார்த்துவிட்டேன், பிக்கப் (தந்தி ஆட்டத்தை மின்சாரமாக்கும் பாகம்) வைக்கிற குழி மட்டும்தான் பாக்கி. பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு ஹம்பக்கர்கள் (இரட்டைச் சுருள் பிக்கப்) டிராயரில் சும்மா கிடக்கின்றன, அவற்றையே இதில் வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. கேட்டவர்களில் பாதிப் பேர் "ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டார் பிக்கப் அதைப் பிடிக்காது" என்கிறார்கள். மீதிப் பேர் "காந்தமும் கம்பிச் சுருளும்தானே, எதில் வைத்தால் என்ன" என்கிறார்கள். அப்புறம் கண்ணுக்கே தெரியும் சிக்கல் ஒன்று: பிக்கப்பில் வரிசைக்கு ஆறு போல் (pole, தந்திக்கு அடியில் வரும் இரும்புத் துண்டு), என்னிடம் நாலு தந்தி. மரம் குடையும் ரவுட்டரை ஒருமுறை இறக்கிவிட்டால் செதுக்கிய மரம் திரும்பி வராது, அதனால்தான் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நாலுதந்தி:
தாராளமாக வைக்கலாம். ஸ்குவயர் ப்ரான்கோ பேஸின் பிக்கப் மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே இருப்பது ஆறு போல் உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகை சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்தான். டேன்எலெக்ட்ரோவும் கிட்டாருக்குப் போட்ட லிப்ஸ்டிக் குழாய் பிக்கப்பையே பேஸுக்கும் போட்டது. யாரும் செத்துவிடவில்லை.

சுருள்கம்பி:
41 ஹெர்ட்ஸைப் பிடிக்காது என்பது சுத்தக் கதை. பிக்கப் சுருளுக்கு மேல்பக்கம்தான் எல்லை உண்டு, கீழ்ப்பக்கம் கிடையாது. சுருளின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணில் மேடு கட்டும், அதற்கு மேலே உள்ளதெல்லாம் சரிந்துவிடும். சாதாரண ஹம்பக்கருக்கு ஐந்து மீட்டர் கேபிளோடு அந்த மேடு சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். பேஸுக்கு அது ஒன்றும் மோசமான இடம் இல்லை. போதாக்குறைக்கு, கிட்டாரின் தடித்த தந்தி 0.046 அங்குலம் என்றால் பேஸின் ஈ தந்தி 0.105, ஆட்டமும் அகலம். இரும்பு அதிகம் ஆடினால் மின்சாரமும் அதிகம், ஆகவே சத்தம் குறையும் என்ற பயமே வேண்டாம். "கிட்டார் பிக்கப் வைத்தேன், பேஸே வரவில்லை" என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் எந்தப் பிக்கப்பை வைத்தாலும் அடிநாதம் மெலிந்துதான் கேட்கும்.

உண்மையான சிக்கல் நீங்கள் சொன்ன இரண்டாவதுதான், அது வெறும் அளவுக் கணக்கு. உங்கள் பிரிட்ஜில் ஈ-யிலிருந்து ஜி வரை 57 மிமீ, நட்டில் ஏறக்குறைய 30. பிரிட்ஜிலிருந்து நெக் பக்கம் நகர நகர இந்த அகலம் சீராகக் குறைந்துகொண்டே வரும். ஹம்பக்கரில் முதல் போலிலிருந்து கடைசிப் போல் வரை அளந்து பாருங்கள், 50 மிமீ சுமாராகவோ 52-53 சுமாராகவோ இருக்கும். 52.5 என்றால் பிரிட்ஜிலிருந்து 144 மிமீ தூரத்தில் ஈ, ஜி இரண்டும் ஓரத்துப் போல்களுக்கு நேர் மேலே வந்து உட்காரும், கிட்டத்தட்ட பிரெசிஷன் பேஸில் பிக்கப் இருக்கும் இடம். நடுவில் ஏ-யும் டி-யும் பக்கத்துப் போலிலிருந்து மூன்றரை மிமீ தள்ளி நிற்கும். அது பரவாயில்லை. ஜாஸ் பேஸ் பிக்கப்பிலேயே தந்தி இரண்டு போல்களுக்கு நடுவில்தான் போகிறது. 50 மிமீ பிக்கப் என்றால் நெக் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பொருந்தும்.

தந்தி கட்டிய பாடி கையில் இருக்கிறதே, அப்புறம் ஏன் ஊகிக்க வேண்டும்? பிக்கப்பைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளுக்கு மேலே பிடியுங்கள். போல்கள் கீழே தந்தியைப் பார்க்க வேண்டும். பாடியின் மேல் இரண்டு பக்கமும் மரத்துண்டு அடுக்கி, அதன்மேல் ஒரு பட்டை போட்டு, பட்டையின் அடியில் இரட்டைப்பக்க டேப்பால் பிக்கப்பை ஒட்டிவிட்டால் கை வலிக்காது. ஒயரை நேராக ஒரு ஜாக்கில் சால்டர் செய்து ஆம்பில் செருகுங்கள். பிரிட்ஜிலிருந்து ஒரு ஒயரை கிரவுண்டுக்கு இழுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. பிறகு பட்டையை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்தி வாசித்துப் பாருங்கள். தந்திக்கும் போலுக்கும் 3-4 மிமீ விடுங்கள், பேஸ் தந்தி வீச்சு அதிகம், கிட்டாருக்கு வைக்கிற 2 மிமீ வைத்தால் தட்டும்.

கைசுட்டவன்:
மேலே சொன்ன கணக்கைப் போடாமல் குழி தோண்டியவன் பேசுகிறேன். 50 மிமீ ஹம்பக்கரைப் பிரிட்ஜ் பக்கம், சரியாக 45 மிமீ தூரத்தில் இறக்கினேன். அங்கே தந்தி அகலம் 55-க்கு மேல், ஈ-யும் ஜி-யும் போலைத் தாண்டி வெளியே தொங்கின. சும்மா அடித்தால் ஓரளவு கேட்கும், ஜி தந்தியை வெளிப்பக்கம் இழுத்து வளைத்தால் சத்தம் அப்படியே மங்கிப்போகும், விட்டால் திரும்பி வரும். கச்சேரியில் யாரோ வால்யூமைத் திருகுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்திருக்கிறேன்! கடைசியில் பிளேடு வகை பிக்கப் மாற்றினேன், போலுக்குப் பதில் முழு நீளத்துக்கு இரும்புப் பட்டை, அதனால் தந்தி எங்கே போனாலும் கவலையில்லை. ஆனால் பிளேடு நீளத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள், எல்லாம் ஒரே நீளம் இல்லை.

சிங்கிள் காயில் வைக்கலாமா என்று யாராவது யோசித்தால்: ஸ்ட்ராட் பிக்கப் பலவற்றில் போல் உயரம் ஏறி இறங்கி இருக்கும், அது கிட்டார் தந்திகளுக்காகச் செய்த கணக்கு. பேஸில் ஒரு தந்தி கத்தும், பக்கத்தது முனகும். ஹம்பக்கரில் ஒரு வரிசையாவது திருகாணி, ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

மரத்தூள்:
அளந்துவிட்டேன். ஒன்று 49.5, இன்னொன்று 52.5. அப்படியென்றால் பெரியதை நடுவில் ஒன்றே ஒன்று வைத்துவிட்டுச் சின்னதை மறந்துவிடலாமா? பெரியதில் நாலு ஒயரும் ஒரு கிரவுண்டும் வருகின்றன, சின்னதில் பின்னல் போட்ட ஒரே ஒயர். பாட்டும் (வால்யூம், டோன் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்) கெபாசிட்டரும் கிட்டார் கணக்கா, பேஸ் கணக்கா?

சால்டர்புகை:
நாலு ஒயர் இருக்கிறது என்றால் அதிர்ஷ்டம்தான். இரண்டு சுருளையும் சீரிஸில் போட்டால் தடிமனான சத்தம், பேரலலில் போட்டால் இண்டக்டன்ஸ் கால்பங்காகி அந்த மேடு ஏறக்குறைய இரு மடங்கு அதிர்வெண்ணுக்குப் போய்விடும், சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் தெளிவு நன்றாக வரும். இரண்டிலுமே இரைச்சல் அடங்கும். ஒரு சின்ன சுவிட்ச் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பேஸில் நான் அதிகம் பயன்படுத்துவது பேரலல்தான். ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து எந்த இரண்டு ஒயர் ஒரு சுருள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வால்யூமுக்கு 500கே (கிலோஓம்) போதும், கூர்மை அதிகமாகத் தெரிந்தால் 250கே. டோனுக்கு 0.022-ஐ விட 0.047 மைக்ரோஃபாரட் எனக்குப் பிடிக்கும், மூடினால் நிஜமாகவே மூடும். சின்னதையும் வைத்தால்தான் தலைவலி: இரண்டையும் சேர்த்துப் போடும்போது சத்தம் திடீரென்று ஒல்லியானால் ஃபேஸ் மாறியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது பெரியதன் ஒயரைத்தான் மாற்றிப் போட வேண்டும். பின்னல் ஒயர் பிக்கப்பில் பின்னலே கிரவுண்டு, உலோக மூடியும் அதோடு சேர்ந்தது. அதைத் திருப்பிப் போட்டால் மூடியைத் தொடும்போதெல்லாம் இரையும்.

மரத்தூள்:
நேற்று இரவு தலைகீழ் வைத்தியம் பார்த்தேன். இரண்டு மரத்துண்டு, ஒரு பழைய ஸ்கேல், டேப். 60 மிமீயில் ஆரம்பித்தேன், கைசுட்டவன் சொன்னது போலவே ஜி தந்தியை வளைத்தால் சத்தம் ஓடி ஒளிந்தது. 100-ல் பரவாயில்லை. 140 தாண்டியதும் ஈ தந்தி வயிற்றில் இடிக்கிற மாதிரி வந்தது, 41 ஹெர்ட்ஸ் வராது என்ற நண்பரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன், "ஆம்ப் நல்ல ஆம்ப்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டி மட்டும் கொஞ்சம் அடங்கிக் கேட்டது, பக்கத்துத் திருகாணியை ஒன்றரைச் சுற்று ஏற்றியதும் சமமாகிவிட்டது. 146-ல் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். ஒற்றைப் பிக்கப்தான், பேரலல் சுவிட்சோடு.

பின்னால் மனசு மாறி பேஸ் பிக்கப்பே வாங்கினால்? குழியைப் பெரிதாகத் தோண்டி மேலே பிக்கார்டு (பாடியின் மேல் பூட்டும் பிளாஸ்டிக் தகடு) போட்டு மூடிவிடலாமா?

சுருள்கம்பி:
போடுங்கள். ஜாஸ் பேஸ் பிக்கப் ஹம்பக்கரை விட நீளம், அகலம் பாதிதான், அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள். ஹம்பக்கரின் இரண்டு காதும் (திருகாணி பூட்டும் ஓரத் தகடு) இறங்குகிற இடத்தில் மட்டும் கூடுதல் ஆழம் வேண்டும், அதை மறந்துவிட்டுப் பிக்கப்பை அழுத்தினால் உயரத் திருகாணி முனை மரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒயர் போக நீள டிரில் பிட் இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்.