உடம்பெல்லாம் உளைவு, ரத்தம் சரி: பைப்ரோமயால்ஜியாவோ?

கேள்வி (உப்புவெளி):
அம்மாவுக்கு 52 வயது. தோள், இடுப்பு, தொடை எண்டு நாலு மாசமா மாறி மாறி உளைவு. விடிய எழும்பேக்கையே களைப்பு. உடம்பில அழற்சி இருக்கோ எண்டு பாக்கிற ரத்தப் பரிசோதனை இஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் சரியாம். இது பைப்ரோமயால்ஜியா (உடம்பெல்லாம் நாட்பட நோகிற வருத்தம்) எண்டு எதை வைச்சு கண்டுபிடிக்கிறது?

பதில் 1:
ரத்தத்தில இது தெரியாது. இதைக் கண்டுபிடிக்க டொக்டர்மார் வைச்ச 1990 அளவுகோலில 18 இடத்தை அழுத்தி 11இல நொந்தால்தான் கணக்கு. 2016 திருத்தத்தில அந்த அழுத்தல் இல்லை. உடம்பை 5 பகுதியாப் பிரிச்சு 4இலயாவது நோ இருக்கவேணும், 3 மாசமாவது. பிறகு 19 இடத்தில எத்தனை நோகுது எண்டு எண்ணுவினம். களைப்பு, எழும்பேக்க அசதி, மறதிக்குத் தலா 0–3 புள்ளி. தலையிடி, வயித்துக் குத்து, மனச்சோர்வு இருந்தால் ஒவ்வொரு புள்ளி. குறைஞ்சது 7 இடமும் 5 புள்ளியும் எண்டால் பொருந்தும். 4–6 இடமெண்டால் குறைஞ்சது 9 புள்ளி வேணும்.

பதில் 2:
நோவை மட்டும் கேட்டால் பாதி தப்பிப்போகும், இந்த வருத்தத்தில வாற மற்ற அறிகுறியளையும் கேக்கவேணும். பாவாடை நாடா இறுகின இடம் நோகுதோ? அடுப்பில பால் வைச்சது மறக்குதோ? மீன் பொரிக்கிற மணமே தாங்கேலாமல் இருக்கோ? ஆனா மூட்டு வீங்கிச் சூடா இருந்தால் அது வேற வருத்தம். சிக்குன்குன்யா வந்தவைக்கும் மாசக்கணக்கா மூட்டு நோ நிக்கும். தைரொயிட்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பாத்தாச்சோ? தைரொயிட் குறைஞ்சாலும் இதே கோலம்தான்.

பதில் 3:
கலண்டரில 2 கிழமை நோ, நித்திரை குறிச்சு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. டைக்ளோபெனாக் எண்ட நோக்குளிசை இதுக்குப் பெரிசா உதவாது, வயித்தைத்தான் புண்ணாக்கும். வெயில் ஏறமுதல் டச்பே கடற்கரையில 5 நிமிஷ நடை, கிழமைக்கு ஒரு நிமிஷம் கூட்டலாம். சுகமான நாளில வீடு முழுக்கக் கழுவுறதுதான் பிழை. அடுத்த ரெண்டு நாளும் படுக்கை.