கலைச்சொல் விவாதம்: பழைய ராணுவ விமானத்தை 'மீட்டெடுப்பு' செய்ய முடியுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆத்தூர்த் தம்பி போன வாரம் அனுப்பிய விமானக் கலைச்சொல் பட்டியலில் இப்படி ஒரு வரி இருந்தது:

> பழைய விமானத்தைச் சரிசெய்து மறுபடி பறக்கவிடும் வேலை: மீட்டெடுப்பு. மறுப்பு இல்லையென்றால் அகராதியில் ஏற்றிவிடலாம்.

எனக்கு மறுப்பு இருக்கிறது, தம்பி. விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடலைப் பழுதுபார்ப்பவனாக) இருந்துவிட்டு, இப்போது ஓமலூர்ப் பக்கம் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன். கமலாபுரம் விமான நிலையத்தில் ஏதாவது இறங்கும் சத்தம் கேட்டால் இன்னும் கை தானாக நெற்றிக்குப் போய் வெயிலை மறைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடல் கொஞ்சம் நீண்டுவிட்டது.

மீட்பது என்றால் நமக்கு என்ன? அடகுக் கடையிலிருந்து நகையை மீட்கிறோம். கணினியில் அழிந்த கோப்பை மீட்கிறோம். போனது எதுவோ அதுவே திரும்பி வர வேண்டும். வேறு சங்கிலியைக் கொடுத்தால் கடையில் சண்டைதான்.

இப்போது நம் விமானப் படையின் 'பரசுராமா'வை எடுத்துக்கொள்ளுங்கள். டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானம் அது. அயர்லாந்தில் கழித்துப் போட்டிருந்ததை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் சரிசெய்ய வைத்து, விமானப் படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவருடைய அப்பா டகோட்டா விமானி. 2018 ஏப்ரலில் அது கோவென்ட்ரியிலிருந்து தானே பறந்து ஜாம்நகர் வந்து இறங்கியது. அதன் வாலில் எழுதியிருக்கும் எண் விபி 905. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண் அது. ஆனால் அந்த உடல் வேறு, இந்த உடல் வேறு. அதன் நினைவாக இதற்கு அந்த எண்ணை வைத்தார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல. இதில் மீட்டது எது?

எதிர்ப்பக்கமும் உண்டு. 'தட்ஸ் ஆல், பிரதர்' என்று ஒரு சி-47; டகோட்டாவுக்கு அமெரிக்கப் படையில் அதுதான் பெயர். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில், பிரான்ஸின் நார்மண்டிக்குப் பாராசூட் வீரர்களை ஏற்றிச் சென்ற முதன்மை அணிக்கு முன்னால் பறந்தது. பல காலம் கழித்து அமெரிக்காவில் ஆஷ்காஷில், பாஸ்லர் என்ற நிறுவனத்தின் இடத்தில், உருமாற்ற வேலைக்காகக் காத்து நின்றபோதுதான் அது இன்னது என்று கண்டுபிடித்தார்கள். காப்பாற்றி, 2018ல் பறக்கவிட்டார்கள். இதற்கு 'மீட்டெடுப்பு' என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன், அடகுக் கடையில் உருக்குவதற்கு முந்தின நாள் மீட்ட நகை. பாஸ்லர்காரர்கள் செய்வது மூன்றாவது வகை. உடலை நீட்டி, பழைய பிஸ்டன் இன்ஜினை இறக்கிவிட்டு டர்போப்ராப் (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைன் இன்ஜின்) ஏற்றுவார்கள். அதுவும் பறக்கிறது, நன்றாகவே பறக்கிறது. ஆனால் பழைய விமானத்தைப் பாதுகாத்தோம் என்று அவர்களே சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) பீடத்தின் மேல் ஒரு விமானம் நிற்கிறது. பெயின்ட் அடித்த ஆள் கண்ணாடிக்கும் சேர்த்து வெள்ளி பூசிவிட்டுப் போய்விட்டார். கீழே பலகையில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. பொய் இல்லை. தேர் ஷெட்டில் நிற்கிற தேருக்கும் வார்னிஷ் அடிக்கலாம்தானே. வடம் பிடித்து இழுக்கும்போது அச்சு தாங்குமா என்பதுதான் கேள்வி.

பறக்கவிடுகிற வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் சொல் தானாக வரும் என்பது என் எண்ணம்.

டகோட்டாவில் ட்வின் வாஸ்ப் இன்ஜின், பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பதினான்கு சிலிண்டர், இரண்டு வரிசையாக, வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போல வட்டமாக நிற்கும். வட்டம் என்றால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும் என்று அர்த்தம். விமானம் ஓரிரு நாள் சும்மா நின்றால் எண்ணெய் மெதுவாகக் கசிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அந்த அடிச் சிலிண்டருக்குள் போய்த் தேங்கும். அது தெரியாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் போய் எண்ணெயில் முட்டும். எண்ணெய் அமுங்காது, ஆகவே கனெக்டிங் ராடு வளையும். அதனால் காலையில் முதல் வேலை, ஆட்கள் நின்று ப்ரொப்பெல்லர் இதழை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்து, எண்ணிச் சுற்றுவது. எங்கேயாவது 'தொக்' என்று பிடித்தால் கையை எடுத்துவிட வேண்டும். அடிச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். பின்பக்கமாகச் சுற்றி விடுவித்துவிடலாம் என்று ஒருவனுக்கும் தோன்றக் கூடாது. அப்படிச் செய்தால் எண்ணெய் உள்ளிழுக்கும் குழாயில் ஒளிந்துகொண்டு, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் திரும்ப வந்து சேரும். நான் வேலை பார்த்த அவ்ரோ விமானத்தில் டர்போப்ராப் என்பதால் இந்தப் பாடு கிடையாது; மூத்தவர்கள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆனது.

இந்த வேலை ஒரு தடவை செய்து முடிக்கிற வேலையா? நாளைக்குக் காலையிலும் இதே வேலைதான். 'எடுப்பு' என்று முடிகிற எந்தச் சொல்லிலும் இந்த 'நாளைக்கும்' என்பது இல்லை.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேறு, வண்டி ஓடுகிற நிலையில் இருப்பது வேறு என்று உடனே சொல்வார். எஃப்.சி. காட்டின மறுநாள் பிரேக் பிடிக்காத வண்டி எத்தனை! விமானத்துக்கும் இரண்டு சொல் வேண்டும். சான்றிதழ் பேசுவது பறப்புத்தகுதி. இது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, அதைத் தொட வேண்டாம். இயந்திரம் இன்று காலை இருக்கும் நிலைமைக்கு பறப்புநிலை என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. செத்துக் கிடந்ததை அங்கே கொண்டுவருவது பறப்புநிலையேற்றம். அங்கேயே வைத்திருப்பது பறப்புநிலைக் காப்பு. பீடத்து வெள்ளிப் பூச்சுக்காரருக்குக் காட்சிச் சீரமைப்பு போதும். பாஸ்லர் வேலைக்கு உருமாற்றம்.

'பறநிலை' என்று சுருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை என்று படித்து வளர்ந்த பிள்ளைகள் அது எத்தனை டிகிரி என்று கேட்கும்.

ஓமலூரிலிருந்து

---

வணக்கம் அண்ணா. ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன்.

பறப்புநிலை பிடித்திருக்கிறது. ஆனால் விமானம் பறக்கும் உயரத்தைச் சொல்லும் 'ஃப்ளைட் லெவல்' என்பதற்கும் சிலர் இதே சொல்லை எழுதிவிட மாட்டார்களா? அதற்குப் 'பறப்பு மட்டம்' என்று இப்போதே கூடவே பதிந்துவிட்டால் நல்லது.

இன்னொன்று. டகோட்டாவின் ஏலெரான், ரடர், எலிவேட்டர் எல்லாம் துணி போர்த்தியவை என்று படித்தேன். உடம்பு முழுக்க அலுமினியம், திருப்புகிற இடம் மட்டும் துணி! துணிமேல் அடிக்கிற 'டோப்' என்பதற்குப் பட்டியலில் 'மெருகுப்பூச்சு' என்று போட்டிருக்கிறது. எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் தறி வீடு. பாவுக்கு (தறியின் நெடுக்கு நூலுக்கு) கஞ்சி போட்டு, நீட்டிக் காய வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கஞ்சி மெருகுக்கு இல்லை, நூலுக்கு விறைப்பும் தாங்கும் பலமும் கொடுப்பதற்கு. டோப்பும் அதே ஜாதிதானே? 'கஞ்சிப்பூச்சு' என்று வைத்தால் சேலத்தில் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஜவ்வரிசிக் கஞ்சி என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற பயம் மட்டும் இருக்கிறது!

---

தங்கச்சிக்கு,

'பறப்பு மட்டம்' சரி, பதிந்துவிடுவோம்.

கஞ்சி அருமையான யோசனை, ஆனால் ஒரு படி தாண்டிப் போக வேண்டும். கஞ்சி போட்ட பாவு விறைக்கும். டோப் அடித்த துணி விறைப்பதோடு சுருங்கிச் சட்டத்தின்மேல் இறுகும். காய்ந்ததும் விரலால் சுண்டினால் மேளம் போல ஒலிக்க வேண்டும். சத்தம் 'பொத்' என்று வந்தால் பிரித்துப் போட்டு மறுபடி போர்த்த வேண்டியதுதான். காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் அடைப்பதும் அந்தப் பூச்சுதான். ஆகவே 'இறுக்கப்பூச்சு' என்று எழுதி, விளக்கத்தில் 'பாவுக் கஞ்சி போல' என்று சேர்ப்போமா? ஒரு சிக்கல்: இப்போது பருத்திக்குப் பதில் பாலியெஸ்டர் துணி வந்துவிட்டது. அதை இறுக்குவது பூச்சு இல்லை, சூடு அளந்து வைத்த இஸ்திரிப்பெட்டி. அங்கே பூச்சுக்கு அடைக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். பழைய துணிக்கு இறுக்கப்பூச்சு, புதுத் துணிக்கு அடைப்புப்பூச்சு என்று இரண்டாகப் பிரித்தால் ஆத்தூர்த் தம்பி அடிக்க வருவார்.

அப்புறம், பருத்தி போய் பாலியெஸ்டர் வந்தது என்பதையே 'மீட்டெடுப்பு'க்கு எதிரான என் கடைசிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

அடிச் சிலிண்டரில் எண்ணெய் தேங்கிப் பிடித்துக்கொள்வதற்கு 'எண்ணெய் அடைப்பு' என்று பட்டியலில் இருக்கிறது. அடைப்பு என்றால் குழாய் அடைப்பு. இங்கே எதுவும் அடைக்கவில்லை, பிஸ்டன் பூட்டிக்கொள்கிறது. 'எண்ணெய்ப் பூட்டு' என்று மாற்றிவிடுங்கள். கையால் சுற்றிப் பார்க்கும் அந்தக் காலை வேலைக்கு மட்டும் எனக்கு ஒரு சொல்லும் சிக்கவில்லை. ஹேங்கரில் நாங்கள் 'ப்ராப் இழுத்தாச்சா?' என்றுதான் கேட்போம்.