ஐ.சி.யு. படுக்கைப் புண்: ஷிஃப்டுக்கு ஒரு மதிப்பெண் தேவையா?

முகத்துவாரம்
எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐ.சி.யு.) இனி ஒவ்வொரு ஷிஃப்டிலும் எல்லா நோயாளிக்கும், படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணக்கிடும் பிரேடன் மதிப்பெண் போட வேண்டும் என்று உத்தரவு. நான் எதிர்க்கிறேன். 1987இல் வெளிவந்த அளவுகோல் அது. உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசைவு, உணவு, உராய்வு என்று ஆறு வரிசை. மொத்தம் 6 முதல் 23 வரை, 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவருக்கு நடமாட்டம் 1, அசைவு 1, உணர்வு 1. மற்ற மூன்றிலும் முழு மதிப்பெண் கொடுத்தாலும் 14ஐத் தாண்டாது. எங்கள் பிரிவில் யாருக்குப் போட்டாலும் ஆபத்து என்றுதான் வரும். எல்லாரையும் ஒரே கூடையில் போடும் கணக்கு எனக்கு எதற்கு? அந்த நேரத்தில் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிடுவேன்.

உப்பளத்து அக்கா
தம்பி, நேரம் என்று சொல்லாதீர்கள். பழகிய கைக்கு அது ஒரு நிமிட வேலை. நீங்கள் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறீர்கள், நான் வரிசைகளைப் பார்க்கிறேன். இந்தக் கடற்கரையில் மே மாதப் புழுக்கத்தில் முதுகுக்குக் கீழே ரப்பர் ஷீட் விரித்து வைத்தால் என்ன ஆகும்? ஈரம் என்ற வரிசையில் 2 விழுந்தால் அந்த ஷீட்டை உருவி எறிய வேண்டும். உணவு வரிசையில் 1 என்றால், டியூப் வழியாக எவ்வளவு போகிறது என்று அன்றே கேட்க வேண்டும். இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பேன் என்று சொன்னவர்கள் இரவு மூன்று மணிக்கு மறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வலிநோக்கம் டாக்டர்
சிஸ்டர் சொல்லும் வரிசைகளில் என் கவலைக்கு இடமே இல்லை. அண்மையில் பார்த்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் முழு மயக்கத்தில், பிரேடன் 8. இன்னொருவர் விழிப்போடு இருக்கிறார், பேசுகிறார், பிரேடன் 13, அதாவது நடுத்தர ஆபத்து. பின்முதுகு அடியில் புண் வந்தது இரண்டாமவருக்கு. கிருமித்தொற்றால் இரத்த அழுத்தம் விழுந்து, அதை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மருந்து தோலின் இரத்தக்குழாய்களையும் சுருக்கும். பிரேடனில் அதற்குக் கட்டமே கிடையாது. 1991இல் ஐ.சி.யு.வுக்கென்றே வந்த கபின்-ஜாக்சன் அளவுகோலில் இரத்த ஓட்டமும் சுவாசமும் தனித்தனி வரிசைகள். போடுவதென்றால் அதைப் போடுங்கள்.

இன்னொன்று. நிமோனியா வரக்கூடாது என்று தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தச் சொல்வதும் நாங்கள்தான். உயர்த்தினால் உடல் கீழே சறுக்கும், தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே சதை இழுபடும். நுரையீரலைக் காப்பாற்றப் பின்முதுகைப் பணயம் வைக்கிறோம்.

முகத்துவாரம்
பார்த்தீர்களா! டாக்டரே ஒப்புக்கொள்கிறார். இதற்கு மேல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழுவின் 2019 ஆய்வுத் தொகுப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட அளவுகோல்களால் புண் குறைகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றுதான் அதுவும் முடிக்கிறது.

உப்பளத்து அக்கா
முழுதாகச் சொல்லுங்கள். அந்தத் தொகுப்பில் தகுதி பெற்றவை இரண்டே ஆய்வுகள். சான்று போதாது என்பது ஒன்று, பயனில்லை என்று நிரூபித்தது வேறொன்று. 2018 மே 15 அன்று ஒரே நாளில் 90 நாடுகளில் 13,000க்கு மேற்பட்ட ஐ.சி.யு. நோயாளிகளைப் பார்த்தார்களே, அதில் ஐ.சி.யு.வுக்கு வந்த பிறகு படுக்கைப் புண் வந்தவர்கள் 16.2 சதவீதம். ஆறில் ஒருவர். பிரேடன் குறையக் குறைய ஆபத்து ஏறியது என்று அதே ஆய்வு சொல்கிறது. உங்கள் கூடைக்குள்ளும் மேல்தட்டு, அடித்தட்டு உண்டு தம்பி.

பாம்பன் மகன்
நான் மருத்துவத் துறை இல்லை. அப்பாவுக்கு விசைப்படகில் நடுக்கடலில் பக்கவாதம் வந்தது. கரை சேர விடிந்துவிட்டது. அதுவரை பலகை மேல், நனைந்த வலையை ஒட்டி, அசைவில்லாமல் கிடந்திருக்கிறார். பிறகு ஆம்புலன்ஸில் மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். மூன்றாம் நாள் இடுப்புக்குக் கீழே கருநீலமாக ஒரு திட்டு. ‘வரும்போதே இருந்தது’ என்றார்கள். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டது நான், அப்படி யாரும் சொல்லவில்லை. இதில் எது உண்மை?

வலிநோக்கம் டாக்டர்
இரண்டுமே உண்மையாக இருக்கலாம், தம்பி. ஆழத்தில் சதை நசுங்கினால் வெளியே நிறம் மாற 48 முதல் 72 மணி நேரம் வரை ஆகும். படகுப் பலகையில் தொடங்கியது மூன்றாம் நாள் மெத்தையில் தெரிந்திருக்கலாம். அதனால்தான் வந்தவுடன் புரட்டிப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்கிறோம். எழுதாமல் வாயால் சொன்னது உங்கள் மருத்துவமனையின் தவறு. நம் ஆட்களின் கறுத்த தோலில் முதல் கட்டச் சிவப்பு கண்ணுக்குப் படாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடா, குளிர்ச்சியா, கல்போல இறுகியிருக்கிறதா, சொதசொதவென்று இருக்கிறதா.

முகத்துவாரம்
குதிகாலை விட்டுவிட்டீர்கள். வெறுங்காலோடு படகில் நின்றவர்களுக்குக் குதிகால் தடித்து வெடித்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினாலும் நிறமாற்றம் தெரியாது. இதை எந்த அளவுகோல் கேட்கிறது? மூக்குத்தண்டில் மாஸ்க் அழுத்திய தடம், உதட்டோரத்தில் டியூப் கட்டிய நாடா அறுத்த தடம், இதெல்லாம் பிரேடனில் எங்கே வருகிறது? பார்க்கிற கண்ணைத்தான் நான் கேட்கிறேன், கூட்டல் கணக்கை அல்ல.

உப்பளத்து அக்கா
அந்தக் கண்ணுள்ளவர்கள்தான் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கிறார்கள். சிவந்த இடத்தைப் பவுடர் போட்டுத் தேய்க்கிறார்கள். இரண்டும் கூடாது என்று வழிகாட்டுதல்கள் சொல்லிப் பல வருடமாகிறது. கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். ஆளுக்கொரு கண் இருக்கும் இடத்தில் ஒரு பொதுத்தாள் வேண்டாமா?

ஒன்றை ஏற்கிறேன். சேர்க்கைத் தாளின் தலையில் ‘இங்கே வருவதற்கு முன் எங்கே, எத்தனை மணி நேரம் கிடந்தார்’ என்று ஒரு வரி வேண்டும். பாம்பன் தம்பி சொன்னதைப் படித்த பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பாம்பன் மகன்
அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

முகத்துவாரம்
வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மாறிமாறிக் காற்று ஏறி இறங்கும் மெத்தை கிடைத்தால் நல்லது. மெத்தை வந்துவிட்டது என்று திருப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பக்கவாட்டில் 30 டிகிரி சாய்த்தால் போதும், நேர் பக்கமாகப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பு மேல் பாரம் இறங்கும்.

அக்கா, அந்த ஒரு வரியைச் சேருங்கள், நானே நிரப்புகிறேன். வந்த அன்று ஒரு முறை மதிப்பெண், நிலைமை மாறினால் இன்னொரு முறை, அதுவும் சரி. எதுவும் மாறாத ஆளுக்கு ஒரே நாளில் மூன்று முறை 8, 8, 8 என்று எழுத மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

உப்பளத்து அக்கா
மாறவில்லை என்று எப்படித் தெரியும்? போட்டுப் பார்த்தால்தானே!