இடிமழைக்கு செயற்கைக்கோள் படம் உதவுமா, ரேடார் மட்டும்தானா?

மாந்தோப்பு_பர்கூர் (காலை 7.10)

கோடை மழை இழையில் போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார்: "செயற்கைக்கோள் படம் புயலைப் பார்க்கத்தான். இடிமழைக்கு ரேடார் மட்டும் போதும். மேகப் படத்தை இங்கே யாரும் போடாதீங்க." நாலைந்து பேர் சரின்னு சொல்லியிருக்கீங்க. அதை நான் ஒத்துக்கமாட்டேன்.

எனக்கு பர்கூர் பக்கம் மாந்தோப்பு, பாதிக்கு மேல பெங்களூரா ரகம். மே மாசம் மத்தியானம் ஏணி மேல ஆள் நிக்கும், கையில தொரட்டி இருக்கும். எங்க பக்கம் மேகம் கட்டுறதும் அந்த நேரத்துலதான். போன வருஷம் ஒரு நாள் வானம் வெளுத்துக் கிடந்தது, இலை அசையல. 2.15 மணி இன்சாட் (நம்ம நாட்டு வானிலைச் செயற்கைக்கோள்) படத்தில் தேன்கனிக்கோட்டைக் காட்டுக்கு மேல ஒரு அரிசி அளவு வெள்ளை. 2.45 படத்தில் அது புளியங்கொட்டை ஆகியிருந்தது, ஓரமெல்லாம் கத்தரிச்ச மாதிரி. 3 மணிப் படம் கைக்கு வர 3.20 ஆச்சு. அதில் அந்த மேகத்தோட நிழல் கிழக்குப் பக்கம் தரையில விழுந்திருந்தது. நிழல் விழுதுன்னா மேகம் அவ்வளவு உசரம்னு அர்த்தம். ஆளுங்களை இறக்கிட்டேன். 4.25-க்கு சூறைக்காற்று வந்து ரெண்டு மரத்தைப் படுக்க வச்சது, பின்னாலேயே ஆலங்கட்டி. அந்த மரத்துல ஒண்ணுல அன்னைக்குக் காலையிலிருந்து ஆள் இருந்தாங்க.

இந்தப் படத்தைப் போடாதீங்கன்னா எப்படி?

ராயபுரம்_ரேடார் (காலை 8.02)

அதை எழுதியவன் நான்தான் அண்ணே. ஆள் தப்பிச்சதில் மனசார சந்தோஷம். ஆனா எழுதினதை மாத்திக்க மாட்டேன், காரணத்தையும் சொல்றேன்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சென்னைக்கு வர்ற இடிமழை எப்படி வருதுன்னு இங்கே எல்லாருக்கும் தெரியும். ராணிப்பேட்டை, திருத்தணி, சித்தூர் மலைப் பக்கம் மத்தியானம் கிளம்பும். கீழ, நடு உயரத்தில் மேற்கேயிருந்து காற்று அடிக்குது, அது மழையைக் கிழக்கே தள்ளிக்கிட்டு ராத்திரி எட்டு ஒன்பதுக்கு நகரத்துக்குள்ள கொண்டுவரும். ஆனா அதே நாளில் 14, 15 கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கேயிருந்து மேற்கே பாயுது. தென்மேற்குப் பருவக் காலம் முழுக்க நம்ம தலைக்கு மேல இருக்கிற கிழக்கு ஜெட் காற்று அது. மேகத்தோட உச்சி, அந்தப் பட்டறைக்கல் மாதிரி விரியுதே, அந்தப் பாகத்தை ஜெட் காற்று இழுத்துக்கிட்டு பெங்களூரு பக்கம் போயிடும். செயற்கைக்கோள் மேலேருந்து பார்க்குது, உச்சிதான் அதுக்குத் தெரியும். படத்தை ஓட விட்டுப் பார்த்தா மேக உச்சியைக் காட்டுற சிவப்புத் திட்டு மேற்கே போற மாதிரி இருக்கும். மழை கிழக்கே வந்துக்கிட்டு இருக்கும்.

ரெண்டு வருஷம் முன்னால செப்டம்பரில் எங்க தெரு வாட்ஸப் குழுவில் அப்படி ஒரு படத்தைப் போட்டு "சென்னைக்கு இல்லை, கர்நாடகா போகுது"ன்னு ஒருத்தர் எழுதினார். எங்க அக்கா தண்டையார்பேட்டையில் ராத்திரி தள்ளுவண்டிக் கடை போடுது. அதை நம்பி வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போச்சு. ஒரு மணி நேரத்துல காற்று வந்து தார்ப்பாயைப் பிடுங்கி, எண்ணெய்ச் சட்டியைச் சாய்ச்சு, முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. அந்நேரம் ரேடாரில் பூந்தமல்லிக்கு மேல 55 டிபிஇசட் (ரேடாரில் மழையோட பலத்தைக் காட்டுற அளவு, கூடக்கூட மழை பலம்) தெரிஞ்சது. பார்க்கத்தான் ஆளில்லை.

அதனாலதான் போடாதீங்கன்னு சொன்னேன்.

மாந்தோப்பு_பர்கூர் (காலை 8.40)

அக்கா கை இப்ப தேவலையா தம்பி? படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு.

ஆனா நீங்க ராயபுரத்துல இருக்கீங்க, துறைமுக ரேடார் உங்க வீட்டு மாடியிலிருந்து தெரியும். எனக்கு அது 200 கி.மீ.க்கு மேல. ரேடார் கதிரைத் தரையோட தரையா அனுப்ப முடியாது, அரை டிகிரியாவது தூக்கித்தான் விடுறாங்க. பூமியும் உருண்டை. கணக்குப் போட்டுப் பாருங்க, எங்க தோப்புக்கு மேல வரும்போது அந்தக் கதிர் 4.5 கி.மீ. உசரத்துக்கு மேல போகுது. எங்க ஊர்ல மேகம் பிறந்து, வளர்ந்து, பாதி ஆள் ஆன பிறகுதான் உங்க ரேடாருக்குத் தெரியும். மழையோட சேர்ந்து கீழ அடிக்கிற காற்று அதுக்குத் தெரியவே தெரியாது.

மழைமானி_டீச்சர் (காலை 9.25)

திருப்பத்தூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டு மாடியில் மழைமானி வைத்து அளப்பது என் பழக்கம். நான் செயற்கைக்கோள் பக்கம்தான். ஆனாலும் என்னை நெடுநாள் குழப்பிய ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, துல்லியமும் அதிகம் என்பதால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மேகம் கிருஷ்ணகிரிக்கு மேல் இருக்கும், மழை என் மாடியில் பெய்யும். ஒரு முறை இரண்டு முறை இல்லை, ஒவ்வொரு முறையும் இப்படித்தான். பிறகுதான் புரிந்தது. ஹிமாவாரி இருப்பது 140.7 டிகிரி கிழக்கில், பசிபிக்குக்கு மேல். அங்கிருந்து நம்மைப் பார்ப்பது அடிவானத்தை ஒட்டிய சாய்ந்த பார்வை. தூரத்தில் நின்று கோயில் கோபுரத்தைப் பார்த்தால் கலசம் பின்னால் இருக்கிற வீட்டுக் கூரைமேல் இருப்பதுபோலத் தெரியுமே, அதேதான். 15 கி.மீ. உயர மேகத்தின் உச்சி நம் ஊரில் 40 கி.மீ.க்கும் மேல் மேற்கே தள்ளித் தெரிகிறது. சென்னையில் பெய்கிற மழை ஸ்ரீபெரும்புதூரில் இருப்பதுபோல் தெரியும்.

இன்சாட் நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு மேல் இருப்பதால் நாலைந்து கி.மீ. வடக்கே நகர்வதோடு சரி. எந்தச் செயற்கைக்கோளின் படம் என்று எழுதாமல் பகிர்வதுதான் தவறு என்று நினைக்கிறேன்.

ராயபுரம்_ரேடார் (காலை 9.50)

டீச்சர், நீங்க என் கட்சிக்குத்தான் ஆதாரம் கொடுத்திருக்கீங்க. வருஷக்கணக்கா அளக்கிற உங்களுக்கே பிடிபட நாளாச்சுன்னா, ஃபார்வர்டில் பார்க்கிற ஒருத்தருக்கு எப்படிப் புரியும்?

அண்ணன் சொன்ன பட்டப்பகல் கதையிலும் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நிழல் தெரியுற அந்தப் படம் ஒளியில் எடுத்தது, 1 கி.மீ. துல்லியம். சூரியன் விழுந்ததும் அது போச்சு. அப்புறம் அகச்சிவப்புப் படம்தான், இன்சாட்டில் 4 கி.மீ. கட்டம். ஒரு கட்டத்துக்குள்ள ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பாரிமுனை எல்லாம் அடங்கிடும். உங்க ஊரில் நாலு மணிக்கு வர்றது எங்களுக்கு இருட்டின பிறகுதான் வருது.

இன்னொண்ணு. அகச்சிவப்பு அளக்குறது மேக உச்சியோட குளிரை. மைனஸ் 75 டிகிரின்னா அடர் சிவப்பு. ஆனா விரிஞ்ச பட்டறை முழுக்க அதே குளிர்தான். இருபது கி.மீ. அகலம் கொட்டுற மழைக்கு மேல இருநூறு கி.மீ. சிவப்பு. அதுல முக்கால்வாசி ஊரில் ஒரு சொட்டு விழாது. வடகிழக்குப் பருவத்தில் தலைகீழ், உயரம் குறைஞ்ச மேகமே நின்னு கொட்டும், படத்தில் வெறும் சாம்பல் நிறம். நிறத்தைப் பார்த்து மழையைச் சொல்ல முடியாது.

ஓய்வு_அப்சர்வர் (காலை 10.35)

வானிலை ஆய்வில் முப்பது வருஷத்துக்கு மேல் பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இருவருமே நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பேசுகிறீர்கள். இடிமழைக்கு நாங்கள் படத்தில் முதலில் பார்ப்பது வேகம்.

மேக உச்சி 15 நிமிடத்தில் எத்தனை டிகிரி குளிர்ந்தது? 4 டிகிரி என்றால் மந்தமாக வளர்கிறது. 8 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் விறுவிறுவென்று எழும்புகிறது. அமெரிக்காவில் செய்த ஆய்வில், உச்சி உறைநிலைக்குக் கீழே போய் இப்படிக் குளிர ஆரம்பித்து அரை மணி நேரம் வரை கழித்தே ரேடாரில் 35 டிபிஇசட் எட்டியது. அந்த அரை மணியைத்தான் மாந்தோப்புத் தம்பி பிடித்திருக்கிறார். அரிசி, புளியங்கொட்டை, நிழல் என்று அவர் பார்த்தது மூன்று படங்களை. ஒற்றைப் படமாக இருந்திருந்தால் அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

பட்டறை விரிந்த பிறகு இந்தக் கணக்கு செல்லாது. புதிதாக முளைப்பதை அந்தக் கூரை மறைத்துவிடும். அதற்குள் துருத்திக்கொண்டு மேலே எழும் குமிழ் தெரிந்தால் மட்டும் கவனியுங்கள், அதன் கீழேதான் பலத்த மேலெழு காற்று இருக்கும்.

ரேடார் மட்டும் போதும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 2021 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? மதியத்துக்கு மேல் பிடித்து இரவு வரை சென்னைக் கடலோரத்தில் கொட்டியது. சிவப்பு எச்சரிக்கை வந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். சென்னையைச் சுற்றி ரேடார்களுக்கா பஞ்சம்? ஸ்ரீஹரிகோட்டா, பள்ளிக்கரணை, காரைக்கால் எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கரணையில் இருப்பது சிறிய அலைநீளம் கொண்டது, பலத்த மழை குறுக்கே வந்தால் அதன் பின்னால் இருப்பது மங்கிவிடும். எந்தக் கருவிக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு.

ராயபுரம்_ரேடார் (காலை 11.05)

ஐயா, வேகத்தைப் பார்க்கணும்னு சொன்னதை ஏத்துக்கறேன். எனக்கு அது தெரியாது.

ஆனா 15 நிமிஷத்துக்கு ஒரு படம், அது கைக்கு வர இன்னொரு இருபது நிமிஷம். ஒத்தை இடிமேகத்தோட ஆயுளே முக்கால் மணி, ஒரு மணிதான். அமெரிக்காவோட கோயஸ் செயற்கைக்கோள் சின்னப் பரப்பை நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுக்குது, மின்னலைப் பார்க்கவே தனிக் கருவி அதில் இருக்கு. நம்ம இன்சாட்டில் மின்னல் கருவி இல்லை. அவங்க ஆய்வை நம்ம படத்துக்கு அப்படியே பொருத்தலாமா?

மழைமானி_டீச்சர் (காலை 11.30)

மின்னல் என்றதும் கேட்கிறேன். 2022-ல் மட்டும் நாட்டில் மின்னலுக்கு 2,887 பேர் பலி என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. அதில் எத்தனை பேர் ரேடார் படம் பார்க்கத் தெரிந்தவர்கள்? ஆடு மேய்க்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் விடுமுறையில் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நான் தாமினி செயலியைத்தான் நம்புகிறேன். புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் செய்தது. தரையில் வைத்த உணரிகள் மின்னலைப் பிடிக்கின்றன, 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் வந்தால் சொல்கிறது. ஆனால் அது சொல்வது முதல் மின்னல் விழுந்த பிறகு. முன்னாலேயே மேகத்தைப் படத்தில் பார்த்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுவேன்.

மாந்தோப்பு_பர்கூர் (மதியம் 3.08)

விவாதத்தை நிறுத்திட்டு இதைப் பாருங்க. இன்சாட், 2.15, 2.30, 2.45 மூணு படமும் போட்டிருக்கேன். ராயக்கோட்டைக்கு மேல. உச்சிக் குளிர் மைனஸ் 8, மைனஸ் 21, மைனஸ் 38. ஐயா சொன்ன கணக்குப்படி இது எழும்புது. ஏழு பேரையும் மரத்துலேருந்து இறக்கிட்டேன்.

ராயபுரம்_ரேடார் (மதியம் 3.14)

ரேடாரில் அங்கே ஒண்ணுமே இல்லை அண்ணே.

ராயபுரம்_ரேடார் (மதியம் 3.33)

இப்ப வந்திருக்கு. 45 டிபிஇசட், சரியா ராயக்கோட்டை. அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்கேன்.

ராயபுரம்_ரேடார் (மாலை 4.01)

மூணு சுற்று பார்த்துட்டேன். தென்கிழக்கே திரும்புது. காவேரிப்பட்டினத்துக்குக் கீழ, போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் போகும். பர்கூருக்கு வராது. இது உங்க படத்தில் தெரியாது, பட்டறை விரிஞ்சு உங்க ஊரையும் மூடியிருக்கும்.

மாந்தோப்பு_பர்கூர் (மாலை 4.50)

ஆமா, படத்துல எங்க ஊரு முழுக்க வெள்ளைதான். இங்கே இருட்டி, ஒரு குளிர்காற்று வந்துட்டுப் போச்சு. மழை இல்லை. ஏழு பேரோட அரைநாள் கூலி கொடுத்தாச்சு, காய் மரத்துலயே நிக்குது. நாளைக்கும் இப்படி முளைச்சா நாளைக்கும் இறக்குவேன். எந்தப் பக்கம் திரும்புதுன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க தம்பி, போச்சம்பள்ளியில் என் மச்சான் தோப்பு இருக்கு, உங்க 4 மணிப் பதிவைப் பார்த்துட்டு அவருக்குப் போன் போட்டேன்.

ராயபுரம்_ரேடார் (மாலை 5.20)

சொல்றேன் அண்ணே. கோள் பேரு, நேரம், முந்தைய ரெண்டு படம், இது மூணும் இல்லாம ஒத்தைப் படத்தை யாராவது போட்டா மட்டும் நான் மறுபடியும் சண்டைக்கு வருவேன். அதில் மாற்றமில்லை. போச்சம்பள்ளியில் என்ன ஆச்சு?

மாந்தோப்பு_பர்கூர் (மாலை 6.05)

ஆலங்கட்டி. காய் நிறைய உதிர்ந்திருக்காம். ஆளெல்லாம் வீட்டுக்குள்ள இருந்திருக்காங்க.