கோல்ஃப் போட்டியில் 43 புள்ளி எடுத்ததிலிருந்து கிளப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஹேண்டிகேப் ஸ்ட்ரோக் என்ன தர்மமா?

தாமதமாக ஆரம்பித்தவன் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டால் புரியாது.

நான் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்ததே 46 வயதில். இப்போது 51. இரண்டு மாதம் முன்புவரை என் ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 21.4 (திறமையைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்; எண் கூடக் கூட ஸ்கோரில் கழித்துக்கொள்ளும் ஸ்ட்ரோக், அதாவது அடிச் சலுகை, கூடும்). எங்கள் மைதானம் பார் (எதிர்பார்க்கப்படும் மொத்த அடி) 72, கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம்) 71.2, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதலாகக் கடினம்) 124. ஸ்டேபிள்ஃபோர்டில் (குழிக்குக் குழி புள்ளி தரும் போட்டி, அதிகப் புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார்) ஸ்ட்ரோக்கில் 95% மட்டும் தரும் கணக்கு போட்டால் எனக்கு 22 ஸ்ட்ரோக் வரும். வழக்கமாக 30, 31 புள்ளி எடுப்பேன். 34 எடுத்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

அந்த மாதப் போட்டியில் 43 எடுத்தேன். 18 குழியிலும் குறைந்தது ஒரு புள்ளி. கிராஸ் (ஸ்ட்ரோக் கழிக்காத மொத்த அடி) 87, என் வாழ்நாளில் ஆகக் குறைந்த ஸ்கோர். காரணம் இல்லாமல் வந்ததில்லை. அதற்கு முன் ஐந்து மாதம், வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்வரை, எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையை வைத்துக்கொண்டு கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை) ஓரத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். தூக்கிப் போடாதே, தரையோடு விடு என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்த சிப் அது. போட்டியன்று கிரீனைத் தவறவிட்ட குழிகளில் பாதிக்கு மேல் ஒரு சிப், ஒரு பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) என்று முடிந்தது. ஒரு முறைகூட மூன்று பட் அடிக்கவில்லை.

பரிசு வாங்கும்போது கைதட்டல் கேட்டது, ஆனால் பின்வரிசையில் ஒருவர் "இருபத்தி ரெண்டா? எந்த ஊர் இருபத்தி ரெண்டு?" என்றதும் சேர்ந்தே கேட்டது. அப்புறம் இன்டெக்ஸ் 19.3 ஆகக் குறைந்தது. அடுத்த மாதம் ஸ்டேபிள்ஃபோர்டில் எனக்கு 19 ஸ்ட்ரோக்தான், ஒரே ஸ்கோர் கார்டில் மூன்று போய்விட்டது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததில். ஃபோர்பால் மேட்ச் ப்ளே (இருவருக்கு எதிராக இருவர், குழிக்குக் குழி வெற்றி தோல்வி), 90% கணக்கு. எதிரணியில் ஒருவர் 5, நான் 18. அதனால் எனக்கு 13 ஸ்ட்ரோக். பதினேழாவது குழி பார் 4, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் (ஸ்ட்ரோக் தரும் வரிசையில் குழியின் எண்) 13. எனக்கு ஸ்ட்ரோக் கிடைக்கும் கடைசிக் குழி அதுதான். அவர் இரண்டாவது அடியிலேயே கிரீனில் ஏறி, இரண்டு பட்டில் அழகாக 4 போட்டார். நான் பங்கரில் (மணல் பள்ளத்தில்) விழுந்து, வெளியே வந்து, இரண்டரை அடி தூரத்துப் பட்டைப் போட்டு 5. ஸ்ட்ரோக்கைக் கழித்தால் நெட் 4, குழி சமம். அவர் பந்தைக் குழியிலிருந்து எடுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் நாலு அடிச்சேன், நீங்க அஞ்சு அடிச்சீங்க. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதணும். இதுக்குப் பேரு போட்டியா சார்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. பதினெட்டில் தோற்றோம்.

இப்போது என் பார்ட்னர், நல்ல மனிதர்தான், சொல்கிறார்: "மூணு மாசம் கொஞ்சம் பார்த்து ஆடுங்க, நாலு மோசமான கார்டு போடுங்க, நம்பர் தானா ஏறிடும், எல்லாரும் அதைத்தான் செய்றாங்க." எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாங்கும் ஸ்ட்ரோக்குக்காகக் கூசிக் கூசி ஆடுவதும் பிடிக்கவில்லை. இந்த ஸ்ட்ரோக் உண்மையில் என்ன? எனக்கு உரியதா, அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுப்பதா? 95, 90 என்று வெட்டுவது எதற்கு?

ஐந்து ஹேண்டிகேப்

நானும் 5தான். உங்களிடம் அப்படிப் பேசியவர் இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

9லிருந்து 5க்கு வர எனக்கு ஏழு வருடம் ஆனது. பதினேழாவது குழியில் பதற்றத்தை அடக்கி ஒரு சுத்தமான 4 போட்டுவிட்டு, பங்கரிலிருந்து தட்டுத்தடுமாறி வந்தவரோடு சமம் என்று எழுதும்போது வயிறு எரியும். அந்த எரிச்சல் பொய்யில்லை. ஆனால் அதை உங்கள் மேல் கொட்டியது தப்பு.

என் மனம் மாறியது ஒரு ஸ்க்ராட்ச் (ஹேண்டிகேப் 0) ஆட்டக்காரரோடு ஆடிய அன்று. எனக்கு 5 ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 3 குழியில் அவர் 4, நான் 5, சமம். அவர் கார்டில் எழுதிவிட்டு "நல்ல பட்" என்றார், அவ்வளவுதான். அடுத்த குழியின் டீக்கு (முதல் அடி அடிக்கும் இடத்துக்கு) நடக்கும்போதுதான் உறைத்தது. நான் வாங்கியதும் அதே ஸ்ட்ரோக்தானே? என் 5 திறமைக்கான மரியாதை, உங்கள் 18 பிச்சை என்று நான் நினைத்தால், அந்த ஸ்க்ராட்ச் ஆள் என்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டும்?

முன்னாள் கமிட்டி ஆள்

எங்கள் கிளப்பில் ஆறு வருடம் ஹேண்டிகேப் கமிட்டியில் இருந்தேன். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், இம்மி பிசகாமல் வருகிறது.

87லிருந்து 71.2ஐக் கழித்தால் 15.8. அதை 113ஆல் பெருக்கி 124ஆல் வகுத்தால் 14.4, அதுதான் அன்றைய ஆட்டத்துக்கான எண். (113 என்பது ஸ்லோப்பின் பொது அளவு. மைதானங்கள் 55லிருந்து 155வரை எங்கும் இருக்கலாம்.) உங்கள் 21.4க்கும் இந்த 14.4க்கும் வித்தியாசம் சரியாக 7.0. ஏழைத் தொட்டாலே அது விதிவிலக்கான ஸ்கோர். பத்துக்குக் கீழ் என்றால் ஒரு ஸ்ட்ரோக், பத்தோ அதற்கு மேலோ என்றால் இரண்டு ஸ்ட்ரோக் கூடுதலாகக் குறைத்துவிடுவார்கள். உங்களுக்கு ஒன்று குறைத்திருக்கிறார்கள். அதாவது 43 புள்ளி எடுத்தவரை என்ன செய்வது என்று இந்த முறை முன்பே யோசித்து வைத்திருக்கிறது, செய்தும் முடித்துவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது, அதற்கு முன் ஆறு முறைகள் தனித்தனியாக ஓடின. புதிய முறையில் கடைசி 20 கார்டில் சிறந்த 8இன் சராசரிதான் உங்கள் இன்டெக்ஸ். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சராசரி ஆட்டத்தை அது அளக்கவில்லை, நல்ல நாளில் நீங்கள் எப்படி ஆடுவீர்கள் என்பதை அளக்கிறது. அதனால்தான் 36 புள்ளி (ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடினால் வருவது) அடிக்கடி வருவதில்லை, 30, 31 என்றே வருகிறது. இது எல்லோருக்கும் பொது, ஆனால் பாதிப்பு ஒரே அளவில்லை. 5 ஹேண்டிகேப்காரரின் நல்ல நாளுக்கும் சாதாரண நாளுக்கும் இடைவெளி சின்னது. நம்மைப் போன்ற 20க்காரர்களுக்கு அது பெரிது. ஆகவே இரண்டு பேருக்கும் சாதாரண நாளாக இருந்தால், முழு ஸ்ட்ரோக் கொடுத்தாலும் கை ஓங்கி இருப்பது அவருக்குத்தான். இரக்கப்பட்டுக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

அப்படியானால் ஏன் வெட்டுகிறார்கள்? அந்தப் பெரிய இடைவெளிக்கு மறுபக்கமும் உண்டு. ஐம்பது, அறுபது பேர் ஆடும் போட்டியில் 20க்காரர்கள் பலர் இருப்பார்கள், அதில் யாரோ ஒருவருக்கு அன்றைக்கு உங்கள் 43 மாதிரி ஒன்று வரும். அதைக் கொஞ்சம் சமன் செய்யத்தான் தனிநபர் ஸ்ட்ரோக் ப்ளே (மொத்த அடியை எண்ணும் போட்டி), ஸ்டேபிள்ஃபோர்டுக்கு 95%. ஃபோர்பாலில் ஒவ்வொரு குழியிலும் இரண்டு பேரில் நல்ல ஸ்கோர் மட்டும் எண்ணப்படும். ஏற்ற இறக்கம் அதிகம் உள்ள ஜோடிக்கு அது லாபம், ஒருவர் சொதப்பினால் மற்றவர் தாங்கிக்கொள்வார். அதனால் ஸ்ட்ரோக் ப்ளேயில் 85%, மேட்ச் ப்ளேயில் 90%. ஒருவருக்கு ஒருவர் மேட்ச் ப்ளே என்றால் 100%, வெட்டே கிடையாது.

இந்த 90% பற்றி கிளப்பில் நடக்கும் சண்டைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். நான்கு பேரின் கோர்ஸ் ஹேண்டிகேப் (இன்டெக்ஸை அந்த மைதானத்துக்கு மாற்றிய எண்) 6, 11, 14, 23 என்று வையுங்கள். 90% போட்டால் 5, 10, 13, 21. குறைந்தவரிடமிருந்து வித்தியாசம் பார்த்தால் 0, 5, 8, 16. வெட்டாமல் முழுசாகக் கொடுத்தால்? 0, 5, 8, 17. மொத்தத்தில் ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக். இதற்காக ஒரு வருடம் பேசாமல் இருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

உங்கள் பார்ட்னர் சொன்ன வழி மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு மோசமான கார்டு போட்டால் எண் உடனே ஏறாது, அவை தள்ளுபடியாகும் பன்னிரண்டில் போய் உட்காரும். பழைய நல்ல கார்டு இருபதுக்கு வெளியே போகும்போதுதான் ஏறும். அப்படி ஏறினாலும் கடிவாளம் உண்டு. கடந்த 365 நாளில் உங்கள் ஆகக் குறைந்த இன்டெக்ஸைவிட 3 கூடினால், அதற்கு மேல் வருவதில் பாதிதான் சேரும். 5க்கு மேல் ஒரு புள்ளிகூடச் சேராது. வேண்டுமென்றே செய்தது தெரிந்தால் கமிட்டி நேரடியாகக் கை வைக்கலாம். நான் இருந்தபோது ஒருவருக்கு அப்படிச் செய்தோம். பதினாறாம் குழிவரை நன்றாக ஆடிவிட்டு, மீதி இரண்டிலும் குட்டையில் பந்து போடுவார். மூன்று கார்டுகளை அருகருகே வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்று அவர் மகனும் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் யாருக்கும் பேச மனமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோசமான கார்டுகளைப் போடாமல் மறைத்து, எண்ணைக் குறைவாக வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே பொய்க் கணக்குதான். ஆடிய கார்டை ஆடிய அன்றே போடுங்கள், 43 ஆனாலும் 23 ஆனாலும்.

கிராஸ் பக்கம்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஹேண்டிகேப் இல்லாமல் கிளப் கோல்ஃப் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டு சாம்பியன் பலகையில் கிராஸ் ஸ்கோர் மட்டும்தான் ஏற வேண்டும். எங்கள் கிளப்பில் நெட் வெற்றியையும் அதே பலகையில் எழுதுகிறார்கள், அதுதான் 5, 6 ஹேண்டிகேப்காரர்களை இவ்வளவு கசப்பாக்குகிறது. கிராஸ் பரிசு தனியாக, நெட் பரிசு தனியாகக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். கேட்டவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, 87 அடித்தவர் 87 அடித்தார்.

முன்னாள் கமிட்டி ஆள்

தனித்தனிப் பரிசு நல்ல யோசனை, நாங்களும் அப்படித்தான் மாற்றினோம். ஆனால் கசப்பு முழுசாகப் போகவில்லை. பார்த்தவரை சொல்கிறேன்: கசப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் தங்கள் எண் ஏறிக்கொண்டிருப்பவர்கள். 4ஆக இருந்தவர் 6 ஆகும்போது வலிக்கும். வயது, முதுகு, வேலை, ஏதோ ஒன்று இருக்கும். கேட்டவருக்கு ஒரு வார்த்தை: உங்களிடம் அப்படிப் பேசியவரின் எண் போன வருடம் எவ்வளவு என்று பாருங்கள்.

தாமதமாக ஆரம்பித்தவன்

எல்லோருக்கும் நன்றி. சிறந்த எட்டின் சராசரி என்பது தெரியும், ஆனால் அது என் நல்ல நாளின் அளவு என்று இதுவரை யோசித்ததில்லை. 31 எடுத்துவிட்டு வீட்டுக்குப் போன எத்தனையோ மாலைகளில் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பார்ட்னரிடம் அந்த வழி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரி, உங்க இஷ்டம்" என்றார். சனிக்கிழமை 28 புள்ளிதான் வந்தது, சாயங்காலமே கார்டைப் போட்டேன். இன்டெக்ஸ் 19.3லேயே நிற்கிறது.

அந்த மனிதரின் பழைய எண்ணையும் பார்த்தேன். போன வருடம் 2.8. இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறார், அது எத்தனையோ முறை என் கண்ணில் பட்டிருக்கிறது, கேட்கத்தான் தோன்றவில்லை.

இன்றைக்கு மறுபடி அவரோடு ஆடினேன். முதல் டீயிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி "நீங்க 5, நான் 18, எனக்குப் பதிமூணு" என்று சொல்லி, கார்டில் ஸ்ட்ரோக் கிடைக்கும் பதிமூன்று குழிக்கும் அடையாளப் புள்ளி வைத்தேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குளிர் நேரத்தில் இறுகிவிடுகிறதாம், பிடியைத் தளர்த்தி ஆடிப் பழகுகிறாராம். பிறகு என் கார்டை வாங்கி விரலால் கடைசி வரிசைவரை தடவிப் பார்த்தார்.

"பதினேழுல உண்டா?"

"உண்டு சார்."

"சரி" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீக் குச்சியைத் தரையில் ஊன்றினார்.