பழைய கலர் போட்டோ, நெகட்டிவ், தீபாவளி மலர்: எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

பிலிம்சுருள்:
ஸ்கேன் செய்ய வேண்டியவை: 1980, 90களின் கலர் பிரிண்டுகள் (பாதி சுருண்டிருக்கின்றன), தடித்த அட்டையில் ஒட்டிய கருப்பு வெள்ளை ஸ்டுடியோ படங்கள், 35 மி.மீ. நெகட்டிவ், கொஞ்சம் தீபாவளி மலர்கள். கடையில் கேனன் லைடு 400ஐக் காட்டி "4800 டிபிஐ சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்கிறார்கள் (டிபிஐ: ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி). எப்சன் வி600இல் 6400, ஆனால் விலை பல மடங்கு. டிபிஐக்காகவா இவ்வளவு வித்தியாசம்? ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் இருக்கும் ஸ்கேனரே போதாதா?

கண்ணாடித்தட்டு:
டிபிஐயை ஓரமாக வையுங்கள். உள்ளே இருக்கும் சென்சார் வகை சிஐஎஸ்ஸா சிசிடியா என்று கேளுங்கள்.

லைடு வகை சிஐஎஸ். கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் ஒரு சென்சார் பட்டை நகரும். சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் மாறி மாறி எரியும். அதனால்தான் உடம்பு மெல்லிசு, யூஎஸ்பி மின்சாரமே போதும். ஆனால் ஃபோகஸ் கண்ணாடிப் பரப்பில் மட்டும். தாள் ஒரு மி.மீ. எழும்பினாலே மங்கும். வி600 சிசிடி: பிரதிபலிக்கும் கண்ணாடிகளும் லென்ஸும் வழியே பார்ப்பதால் சில மி.மீ. தள்ளியிருந்தாலும் படம் தெளிவாக வரும். சுருண்ட பிரிண்டுக்கும் குழிந்த ஸ்டுடியோ அட்டைக்கும் இதுதான் வேண்டும்.

கடையிலேயே சோதிக்கலாம். ஸ்கேலின் ஒரு முனையை இரண்டு நாணயங்களின் மேல் ஏற்றிச் சாய்வாக வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கோடுகள் எங்கே கரைகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டு உபயோக ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலும் சிஐஎஸ்தான். ரேஷன் கார்டுக்குச் சரி.

சாயம்போனபடம்:
பிரிண்டுக்கு 600 டிபிஐ தாராளம். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல் வரும். 24 பிட்டில் (ஒரு பிக்சலின் நிறத்துக்கு ஒதுக்கும் அளவு) சுமார் 26 எம்பி, 48 பிட்டில் 52. அதற்கு மேல் போனால் காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும்.

சிவந்து வெளிறிய படங்களுக்கு 48 பிட் டிஃப் (விவரம் இழக்காமல் சேமிக்கும் படக் கோப்பு). ஆட்டோ கரெக்‌ஷன், ஷார்ப்பனிங் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் லெவல்ஸையும் (வெளிச்ச அளவுகள்) தனித்தனியே இழுங்கள். நிறத்துக்கு 8 பிட், அதாவது மொத்தம் 24 பிட்டே உள்ள ஜேபெக்கில் அதே இழுப்பு இழுத்தால் வானமும் கன்னமும் பட்டை பட்டையாகப் பிரியும்.

சொரசொரப்பான 'சில்க்' பிரிண்டில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். ஒரு முறை நேராக, ஒரு முறை 180 டிகிரி திருப்பி ஸ்கேன் செய்து, எடிட்டரில் இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பி, மேலடுக்கின் அடர்த்தியை 50 சதவீதமாக்கி ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினால் நன்றாகவே குறையும். ஆல்பத்திலோ ஃப்ரேம் கண்ணாடியிலோ ஒட்டிப்போன படத்தை உரிக்கவே வேண்டாம், அப்படியே சிசிடியில் வையுங்கள்.

நெகட்டிவ்பெட்டி:
நெகட்டிவுக்கு லைடு 400 ஆகாது; மூடியில் விளக்கு வேண்டும், அது வி600இல் உண்டு. ஆனால் அந்த 6400ஐ நம்பாதீர்கள், உண்மையான விவரம் அதில் பாதிகூட வராது. 3200இல் வையுங்கள், மிச்சமெல்லாம் ஹார்ட் டிஸ்குக்குத்தான் சுமை.

வி600இல் உள்ள 'டிஜிட்டல் ஐஸ்' வசதி அகச்சிவப்புக் கதிரால் தூசி, கீறலைக் கண்டுபிடிக்கிறது. கலர் நெகட்டிவுக்கு அருமை. கருப்பு வெள்ளை ஃபிலிமில் போடவே கூடாது: வெள்ளித் துகளும் அந்தக் கதிரை மறைப்பதால் படத்தையே கீறல் என்று நினைத்து அழிக்கும். ஃபிலிம் கண்ணாடியைத் தொட்டால் வளையம் வளையமாக நிறம் வரும். ஹோல்டரில்தான் வைக்க வேண்டும்.

என் கருத்தில், நெகட்டிவ்தான் முக்கியம் என்றால் மேக்ரோ லென்ஸ் கேமராவும் சிஆர்ஐ (நிறங்களை உண்மையாகக் காட்டும் அளவு) 95க்கு மேலான எல்இடி பலகையும் வி600ஐ வெல்லும்.

கண்ணாடித்தட்டு:
வெல்லும், கேமராவும் லென்ஸும் கையில் இருந்தால். புதிதாக வாங்கினால் செலவு எங்கேயோ போய்விடும். இங்கே பிரிண்டும் அட்டையும்தான் அதிகம், வி600 போதும்.

பிலிம்சுருள்:
மலர்கள்? ஒரு படத்தை மொபைலில் எடுத்தேன், அலை அலையாகக் கோடு.

அச்சுமை:
அச்சுப் புள்ளிகளும் பிக்சல்களும் மோதுவதால் வருவது, மோயர். 600 டிபிஐயில் எடுத்து, டீஸ்க்ரீன் (அச்சுப் புள்ளிகளை மழுப்பும் ஸ்கேனர் வசதி) போட்டு, பிறகு 300க்குக் குறையுங்கள். போட்டோவுக்குத் திரும்பும்போது டீஸ்க்ரீனை அணைக்க மறந்தால் முகமெல்லாம் மெழுகிவிடும்.

மலரின் தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து தெரியும். பின்னால் கருப்புச் சார்ட் பேப்பர் வையுங்கள். தாள் கொஞ்சம் பழுப்பாகத் தெரியும், லெவல்ஸில் சரியாகும். எழுத்தை டெசராக்ட்டில் (படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்) தமிழாக எடுக்க 300 டிபிஐ கிரேஸ்கேல் போதும்.

ஏடிஎஃப் (தாளைத் தானே இழுக்கும்) ஸ்கேனரில் பழைய படங்களை விடாதீர்கள். உருளை கீறும், குறுகிய கண்ணாடியில் ஒரு தூசி உட்கார்ந்தால் அடுத்தடுத்த படங்கள் எல்லாவற்றிலும் நீளக் கோடு.

செகண்ட் ஹேண்ட் சிசிடி பார்ப்பதானால் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, கண்ணாடியின் உட்பக்கம் பனிபோல் மங்கியிருக்கிறதா பாருங்கள். உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இல்லாவிட்டாலும் வியூஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருள் பல பழைய மாடல்களை ஓட்டும். பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.