குழந்தையைக் குளிப்பாட்டவே பயமாக இருக்கிறது, இந்த நினைப்பு ஏன் வருகிறது?

புதுஅப்பா:
பையனுக்கு ஐந்து மாதம். குளிப்பாட்ட உட்கார்ந்தாலே, 'இவனைத் தண்ணீரில் அமுக்கிவிட்டால்?' என்று பளிச்சென ஒரு நினைப்பு வருகிறது. கை நடுங்கிவிடுகிறது. அவன்மீது எனக்கு எரிச்சல்கூடக் கிடையாது, உயிரையே வைத்திருக்கிறேன். முதலில் தண்ணீரைக் குறைத்து வைத்தேன். அப்புறம் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டேன். இப்போது முதுகுவலி என்று சொல்லி மனைவியிடமே விட்டுவிட்டேன். நான் வேலைக்குச் சோம்பல்படுவதாக அவள் நினைக்கிறாள். இரவில், 'நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லைதானே?' என்று எனக்கு நானே கேட்டு, பழைய நாட்களையெல்லாம் துருவிக்கொண்டிருக்கிறேன். எனக்குள் ஒரு கொலைகாரன் இருக்கிறானா?

பயணி:
கவலைப்படாதீர்கள். அந்த நினைப்பு வந்தவுடனே விரட்டிவிட்டு நல்லதையே நினையுங்கள்.

நிலாமுற்றம்:
பயணி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தயவுசெய்து விரட்டாதீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார், நினைப்பு வந்தால் மணி அடிக்கச் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது.

இப்படிப்பட்ட நினைப்பு உங்களுக்கு மட்டும் வருவதில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 மாணவர்களிடம் கேட்டார்கள். முந்தைய மூன்று மாதத்தில் வேண்டாத நினைப்பு ஒன்றாவது வந்தது என்றவர்கள் 94 சதவீதம். பெரும்பாலோர் 'சீ' என்று விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நாம்தான் அதைப் பிடித்துவைத்து விசாரணை நடத்துகிறோம்.

என் மகளுக்கு நகம் வெட்டும்போது எனக்கு வந்தது. கத்தரிக்கோலை அலமாரி உச்சியில் ஒளித்து வைத்தேன். அன்று மனம் லேசானது. ஆனால் அந்த நிம்மதிதான் வினை: ஒளித்ததால்தான் குழந்தை பிழைத்தது என்று மூளை கணக்குப் போட்டுக்கொண்டது. அடுத்து ஊசி, அப்புறம் பேனா. எனக்கு இருந்தது ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய். சிகிச்சையில் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மகளை மடியில் வைத்திருக்கப் பழக்கினார்கள். யாரிடமும் 'நான் நல்லவள்தானே?' என்று கேட்கக்கூடாது, மனதுக்குள்கூட. அதுதான் கஷ்டமாக இருந்தது. நினைப்பு இன்றும் எப்போதாவது வரும், நான் நகத்தை வெட்டிக்கொண்டிருப்பேன்.

புதுஅப்பா:
படித்து அழுதுவிட்டேன். டாக்டரிடம் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ?

நிலாமுற்றம்:
நானும் அதற்குத்தான் பயந்தேன். மனநல மருத்துவர்கள் இதை அடிக்கடி கேட்கிறவர்கள். அந்த நினைப்பு உங்களைப் பதறவைக்கிறதா, அப்படிச் செய்ய ஆசை இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். ஓசிடி பற்றித் தெரிந்தவராகப் பார்த்துப் போங்கள், எங்கே தவிர்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது செய்யவேண்டும் என்ற ஆசையே வந்தாலோ, செய்யச் சொல்லிக் குரல் கேட்டாலோ அது வேறு விஷயம். குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.